நூறு தென்னம்பிள்ளைக்கு எத்தனை தேங்காய் பாவ வேண்டும்? பரவல்களைத் தேர்ந்தெடுக்க ஒரு வழி

அருமனைப் பக்கம் என் மாமா சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறார். போன வருஷம் ஒருவர் வந்து, நூறு தென்னம்பிள்ளை வேண்டும், குறித்த தேதிக்கு வண்டியோடு வருவேன் என்று சொல்லி முன்பணமும் கொடுத்துவிட்டுப் போனார். மாமாவின் பல வருஷ அனுபவத்தில், பத்து விதைத்தேங்காய் பாவினால் எட்டு நன்றாக முளைத்து வரும். அப்படியென்றால் 125 பாவினால் 100 கிடைக்கும் என்று அத்தனையே பாவினார். தேறியது 94. மீதி ஆறுக்குப் பக்கத்துப் பண்ணைகளில் அலைந்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கி, ஆளை அனுப்பிவைத்த பிறகு என்னிடம் கேட்டார்: "கணக்கு சரிதானே மக்கா, பின்ன எங்க பிழைச்சுது?"

அவர் போட்டது சராசரிக் கணக்கு. 125 பாவினால் சராசரியாக 100 முளைக்கும், அது உண்மை. ஆனால் சராசரி 100 என்றால், ஒரு முறை 103 வரும், ஒரு முறை 97 வரும், நூறோ அதற்கு மேலோ கிடைப்பது பாதி முறைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். நாணயத்தைச் சுண்டிவிட்டு வியாபாரம் பேசியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 94-க்கோ அதற்கும் கீழோ போக வாய்ப்பு பத்தில் ஒன்று அளவு இருந்தது. மாமாவுக்கு நடந்தது அபூர்வமான துரதிர்ஷ்டம் ஒன்றுமில்லை.

ஒரு எண் என்னென்ன மதிப்பாக வரலாம், ஒவ்வொன்றும் வர எவ்வளவு வாய்ப்பு என்ற முழுப் படத்துக்குத்தான் நிகழ்தகவுப் பரவல் என்று பெயர். சராசரி அந்தப் படத்தில் ஒரு புள்ளி மட்டும். நான் தக்கலையில் மாலை நேரம் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கிறேன். ஈருறுப்பு, பாய்சான், இயல்நிலை என்று எல்லாச் சூத்திரத்தையும் மனப்பாடமாக ஒப்பிக்கிற பிள்ளைகள், ஒரு கடைக்காரர் நோட்டைக் காட்டி இது எந்தப் பரவல் என்று கேட்டால் திகைத்துவிடுகிறார்கள். காரணம், பாடத்தில் பரவலின் பெயர் முதலில் வருகிறது, எண் பிறகு வருகிறது. வாழ்க்கையில் எண்தான் முதலில் வரும், பெயரை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது ஒன்றே: சூத்திரத்தைத் தொடும் முன்னால், இந்த எண் எப்படி உண்டாயிற்று என்று கேளுங்கள். எண்ணிப் பெற்றதா, அளந்து பெற்றதா? எண்ணியது என்றால் இதற்கு மேல் போகாது என்று ஒரு உச்சம் இருக்கிறதா? ஒன்று நடப்பது அடுத்தது நடப்பதைப் பாதிக்கிறதா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் பெயர் பெரும்பாலும் தானாக வந்து நிற்கும்.

முளைக்குமா, முளைக்காதா

மாமாவின் கதையில் ஒவ்வொரு தேங்காய்க்கும் இரண்டே முடிவு. மொத்தம் எத்தனை என்பது முன்கூட்டியே தெரியும், 125-க்கு மேல் முளைக்க வழியே இல்லை. ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு ஒரே அளவு, 0.8. ஒரு தேங்காய் முளைப்பது பக்கத்துத் தேங்காயைப் பாதிப்பதில்லை. இந்த நான்கும் பொருந்தினால் அது ஈருறுப்புப் பரவல். யாக்கோப் பெர்னூலி இதை அலசி எழுதிய நூல் அவர் இறந்த பிறகு 1713-இல் வெளிவந்தது, முந்நூறு வருஷம் கடந்தும் நாற்றுப்பண்ணைக்கு அதுதான் உதவுகிறது.

கையில் போட்டுப் பார்க்க ஒரு சுருக்குவழி உண்டு. எண்ணிக்கை, முளைக்கும் வாய்ப்பு, முளைக்காத வாய்ப்பு மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் கிடைக்கும். 125 × 0.8 × 0.2 = 20, அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ நாலரை. அதாவது சராசரியிலிருந்து நாலைந்து அங்குமிங்கும் நகர்வது சர்வசாதாரணம், ஒன்பது நகர்வது எப்போதாவது நடக்கும். எனவே வாக்குக் கொடுத்த எண்ணுக்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் அளவுக்கு இடம் விட்டுச் சராசரியை வைத்தால் நிம்மதியாக இருக்கலாம். 135 பாவினால் சராசரி 108, நூறு தேறும் வாய்ப்பு நூற்றில் 96 அளவில். 140 பாவினால் 99-ஐயும் தாண்டிவிடும். பத்துத் தேங்காய் கூடுதலாகப் பாவினால், பாதிக்குப் பாதி என்றிருந்த வாய்ப்பு 96-க்கு ஏறுகிறது. மாமாவுக்கு இதைக் காட்டியபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை இன்னும் பத்து வருஷம் எடுக்கலாம் என்று தோன்றியது.

ஆனால் நாலாவது நிபந்தனையைச் சும்மா விட்டுவிடக் கூடாது. எல்லாத் தேங்காயும் ஒரே மரத்தில் பறித்தவை, அந்த மரத்தில் பதினோரு பன்னிரண்டு மாதம் முற்றும் முன்பே பறித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒன்று பட்டுப்போனால் மற்றவையும் சேர்ந்துதான் பட்டுப்போகும். மழை வெள்ளம் பாத்தியில் தேங்கினாலும் அப்படித்தான். இப்படி ஒன்றோடொன்று கட்டுண்டு இருக்கும்போது, சூத்திரம் சொல்கிற நாலரையைவிட உண்மையான விலக்கம் பெரியதாக இருக்கும், 135 பாவியும் 70 தேறுகிற நாள் வரும். பரிகாரம், தேங்காயை நாலைந்து மரத்திலிருந்து எடுப்பது, இரண்டு இடத்தில் பாவுவது, எது எந்த மரம் என்று எழுதிவைப்பது. நான் பார்த்தவரையில் பரவலைத் தவறாகப் பயன்படுத்தும் இடங்களில் பாதி இந்த ஒரு நிபந்தனையை மறந்த இடங்கள்.

பகடை உருட்டுவது, குலுக்கல் சீட்டு எடுப்பது மாதிரி எல்லா மதிப்புக்கும் சம வாய்ப்பு என்றால் அது சீரான பரவல். அதில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

உச்சம் இல்லாத எண்ணிக்கை

என் கூட்டுக்காரன் ஒருவன் குளச்சலில் படகு என்ஜின் சாமான் கடை வைத்திருக்கிறான். ஒரு குறிப்பிட்ட ப்ரொப்பல்லர் வாரத்துக்குச் சராசரியாக இரண்டு போகும். விலை கூடிய சாமான், நிறைய வாங்கி அடுக்கினால் பணம் முடங்கும், இல்லை என்று சொன்னால் ஆள் வேறு கடைக்குப் போய்விடுவான். எத்தனை வைத்திருக்க வேண்டும்?

இங்கே 125 மாதிரி ஒரு உச்சம் இல்லை. கடலில் நூற்றுக்கணக்கான வள்ளம், ஒவ்வொன்றிலும் இந்த வாரம் ப்ரொப்பல்லர் உடைய வாய்ப்பு மிகச் சிறியது, யாருடையது எப்போது உடையும் என்று தெரியாது, ஆனால் சராசரி வேகம் ஒன்று மட்டும் தெரியும். இப்படி நிறைய இடத்தில் அரிதாக, தன்பாட்டுக்கு நடக்கிற காரியங்களை எண்ணினால் வருவது பாய்சான் பரவல். பிரெஞ்சுக் கணிதர் பாய்சான் இதை 1837-இல் எழுதினார். சராசரி இரண்டு என்றால், ஒருவரும் வராத வாரம் நூற்றில் 13 அல்லது 14, ஒருவர் மட்டும் வரும் வாரம் 27, இருவர் வரும் வாரம் 27, மூவர் 18, நால்வர் 9, அதற்கு மேல் சுமார் 5. சராசரி இரண்டுதானே என்று இரண்டு மட்டும் வைத்திருந்தால் மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் யாரையாவது வெறுங்கையோடு திருப்பி அனுப்ப வேண்டும். நான்கு வைத்தால் இருபது வாரத்துக்கு ஒரு தடவை. ஐந்து வைத்தால் நூறு வாரத்தில் இரண்டு தடவைக்கும் குறைவு.  இந்தப் பட்டியலைப் பார்த்துக் கடைக்காரரே முடிவெடுத்துக்கொள்ளலாம், சரி தவறு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பரவல் நிஜத்தில் பொருந்துமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு 1898-இல் போர்ட்கீவிச் என்பவர் காட்டிய கணக்கைச் சொல்வேன். பிரஷ்யக் குதிரைப்படையில் குதிரை உதைத்து இறந்த வீரர்களை, பத்துப் படைப்பிரிவு, இருபது வருஷம், ஆக 200 வரிசையாகப் பிரித்து எண்ணினார். மொத்தம் 122 சாவு, வரிசைக்குச் சராசரி 0.61. யாரும் சாகாதவை 109, ஒருவர் இறந்தவை 65, இருவர் 22, மூவர் 3, நால்வர் 1. பாய்சான் சூத்திரத்தில் 0.61-ஐப் போட்டால் வருவது 109, 66, 20, 4, 1. எந்தக் குதிரை எப்போது உதைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் எண்கள் இவ்வளவு ஒழுங்காக வந்து அமர்கின்றன. முதன்முதலாக இதைப் படித்த நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

பாய்சானுக்கு எளிய சோதனை ஒன்று உண்டு. திட்ட விலக்கத்தின் வர்க்கம் சராசரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சராசரி 2, ஆனால் வர்க்கம் 6 என்று வந்தால் காரியங்கள் கூட்டமாக நடக்கின்றன என்று பொருள், காற்றும் அலையும் மோசமான வாரத்தில் பத்து வள்ளத்துக்கு ஒன்றாக அடிபடுவது மாதிரி. இன்னொரு காரணமும் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்டு. விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் சின்னமுட்டம் துறைமுகத்துக்கு, கிழக்குக் கடற்கரைக் கணக்கில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் எல்லாம் மேற்குக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு காலம். தடைக்காலத்து வாரத்தையும் மற்ற வாரத்தையும் ஒரே நோட்டில் கலந்து சராசரி எடுத்தால், அந்தச் சராசரி எந்த வாரத்துக்கும் பொருந்தாது. தனித்தனியாகப் பிரித்துப் போடுங்கள்.

இதோடு சேர்த்து ஒரு விஷயம். ஒரு சாலை வளைவில் மாதத்துக்குச் சராசரியாக ஒரு விபத்து நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதம் மூன்று நடந்தால் உடனே ஊரில், அந்த இடத்தில் ஏதோ இருக்கிறது என்று பேச்சு வரும். சராசரி ஒன்று என்றால், ஒரு குறிப்பிட்ட மாதத்தில் மூன்றோ அதற்கு மேலோ நடக்க வாய்ப்பு நூற்றில் 8 தான். ஆனால் பன்னிரண்டு மாதத்தில் ஏதாவது ஒரு மாதமாவது அப்படி அமைய வாய்ப்பு 63! எந்தப் புதுக் காரணமும் இல்லாமலேயே மூன்றில் இரண்டு வருஷத்தில் இப்படி ஒரு மாதம் வந்துபோகும். அந்த ஒரு மாதத்தைப் பார்த்துப் பயப்படுவதைவிட, மாதம் ஒன்று என்ற சராசரியே ஏன் இவ்வளவு அதிகம் என்று கேட்டு, வளைவில் விளக்கும் தடுப்பும் கேட்டு மனுக் கொடுப்பதுதான் உயிர் காக்கும்.

இன்னும் எவ்வளவு நேரம்?

எத்தனை நடந்தது என்று எண்ணினால் பாய்சான். அடுத்தது நடக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அளந்தால் அதே கதையின் மறுபக்கம், எக்ஸ்பொனென்ஷியல் பரவல். இதற்கு விசித்திரமான ஒரு குணம் உண்டு, ஞாபகம் கிடையாது. இருபது நிமிஷம் காத்திருந்தாலும், இப்போதுதான் வந்தாலும், இனிமேல் காத்திருக்க வேண்டிய சராசரி நேரம் ஒன்றே.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் நின்று யோசித்துப் பாருங்கள். பஸ் சரியாகப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று வருகிறது, நீங்கள் நினைத்த நேரத்தில் போய் நிற்கிறீர்கள் என்றால் சராசரியாக ஏழரை நிமிஷம் நிற்பீர்கள். அதே பஸ்கள் தாறுமாறாக, சராசரி இடைவெளி மட்டும் பதினைந்து என்று வந்தால்? சராசரியாகப் பதினைந்து நிமிஷமும் நிற்க வேண்டும். பஸ் எண்ணிக்கை ஒன்று குறையவில்லை, காத்திருப்பு இரட்டிப்பு. ஏனென்றால் நீண்ட இடைவெளி நேரத்தை அதிகம் அடைத்துக்கொள்கிறது, நாம் போய் நிற்பதும் பெரும்பாலும் அதற்குள்தான். பஸ் விடுகிறவர்கள் கூடுதல் பஸ் கேட்கும் முன்னால் இருக்கிற பஸ்களைச் சீரான இடைவெளியில் விட்டாலே பாதிக் குறை தீரும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிற முடிவு.

ஆனால் ஞாபகம் இல்லாத இந்தப் பரவலைத் தேய்கிற பொருளுக்குப் போடாதீர்கள். டயர், மீன்வலை, பம்பு செட் எல்லாம் பழசாகப் பழசாகக் கெட்டுப்போகும் வாய்ப்பு கூடும். அங்கே வெய்புல் பரவல் எடுக்க வேண்டும், ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் வலோடி வெய்புல் 1951-இல் எழுதிய கட்டுரையால் பிரபலமானது. அதில் வடிவ எண் என்று ஒன்று இருக்கிறது. ஒன்றுக்குக் கீழே என்றால் வாங்கிய புதிதில் கெட்டுப்போகிற பொருள், சரியாக ஒன்று என்றால் எக்ஸ்பொனென்ஷியல், ஒன்றுக்கு மேலே என்றால் தேய்மானம்.

இதே வெய்புல் பரவல்தான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் முப்பந்தலுக்கும் போகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அந்த இடைவெளியில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு பாய்வதால்தான் அங்கே அத்தனை காற்றாலை. காற்றின் வேகத்தை வருஷம் முழுக்கக் குறித்தால் வருகிற படத்துக்கு வெய்புல் நன்றாகப் பொருந்தும், உலகம் முழுக்கக் காற்றாலைக்காரர்கள் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள், வடிவ எண் பல இடங்களில் இரண்டுக்குப் பக்கத்தில் வரும். சராசரி வேகம் தெரிந்தால் போதாதா என்று கேட்டால், போதாது. காற்றில் உள்ள ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். பாதி நேரம் வினாடிக்கு 4 மீட்டர், மீதி நேரம் 8 மீட்டர் என்றால் சராசரி 6, அதன் மும்மடி 216. ஆனால் உண்மையில் 4-இன் மும்மடி 64, 8-இன் மும்மடி 512, இரண்டின் சராசரி 288. மூன்றில் ஒரு பங்கு கூடுதல்! வடிவ எண் சரியாக இரண்டு என்று எடுத்தால் இந்த வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மடங்கு, சரியாகச் சொன்னால் 1.91. அதனால் ஒரு இடத்தில் காற்றாலை வைக்கலாமா என்று பார்க்கிறவர்கள் சராசரியோடு நிற்காமல் பரவல் முழுவதையும் கேட்பார்கள்.

மணி வளைவு எங்கே பொருந்தும், எங்கே ஏமாற்றும்

எல்லோருக்கும் தெரிந்தது இயல்நிலைப் பரவல், நடுவில் உயர்ந்து இருபுறமும் சமமாகச் சரிகிற மணி வளைவு. 1733-இல் டி மாய்வர், ஈருறுப்புக் கணக்கைச் சுருக்கப் போய்க் கண்டுபிடித்தது இது. மாமாவின் தேங்காய்க்கு நான் சொன்ன சுருக்குவழியே இதுதான். ஒரு அளவு, பல சின்னச் சின்னக் காரணங்கள் ஒன்றோடொன்று கூடி உண்டாகிறது, எந்தக் காரணமும் மற்றவற்றை மிஞ்சவில்லை என்றால் மணி வளைவு வரும். ஒரு திட்ட விலக்கத்துக்குள் நூற்றில் 68, இரண்டுக்குள் 95, மூன்றுக்குள் 99.7 என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தேன் நிரப்புவதை எடுத்துக்கொள்வோம். மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துப் புதுத் தளிர் விடும் ஜனவரி முதல் மார்ச் வரைதான் தேன் பெருகும், அந்த இலைக்காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ எடுக்கிறது. வீட்டில் அரைக் கிலோ பாட்டில் நிரப்புகிற ஒருவருக்குத் திட்ட விலக்கம் 4 கிராம் என்று வைப்போம். 500-ஐக் குறிவைத்து நிரப்பினால் பாதிப் பாட்டில் எடை குறையும், அது வாங்குகிறவரை ஏமாற்றுவது. நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறையக் கூடாது என்றால் 2.33 திட்ட விலக்கம் மேலே போக வேண்டும், அதாவது 509 அல்லது 510-ஐக் குறிவைக்க வேண்டும். கை பழகி, நல்ல தராசு வாங்கி விலக்கத்தை 2 கிராமாகக் குறைத்துவிட்டால் 505 போதும். ஆயிரம் பாட்டிலுக்கு நாலரைக் கிலோ தேன் மிச்சம். தராசு வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விலையோடு விலை ஒப்பிட்டுப் பதில் சொல்ல முடிகிறது பாருங்கள்.

இதே வளைவைக் கடல்பாட்டுக்கு, அதாவது நாளுக்கு நாள் கிடைக்கிற மீனுக்கு, போட்டால் ஆபத்து. மீன் பாடு எப்படி வரும் என்று கடற்கரையில் வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பத்து நாள் வருமானத்தை ஆயிரம் ரூபாய்க் கணக்கில் இப்படி வைத்துக்கொள்வோம்: 2, 3, 1, 0, 4, 2, 3, 2, 1, கடைசி நாள் ஒரு பெரிய சாளைக் கூட்டம் அகப்பட்டு 82. மொத்தம் நூறு, சராசரி நாளொன்றுக்குப் பத்தாயிரம். ஆனால் பத்தில் ஒன்பது நாள் அந்த வீட்டில் நாலாயிரம்கூடத் தாண்டவில்லை. எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால், அதாவது இடைநிலை, இரண்டாயிரம். சராசரியைப் பார்த்து மாதத் தவணை நிர்ணயித்துக் கடன் கொடுத்தால் அந்தக் குடும்பம் இரண்டாவது மாதமே வட்டிக்கு வாங்கத் தொடங்கிவிடும். என் சொந்தத்தில் ஒரு வீட்டில் இது நடந்தது, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். தவணையை இடைநிலையை வைத்துப் போட வேண்டும், பெரிய பாடு கிடைத்த நாளில் மொத்தமாக அடைக்க வழி வைக்க வேண்டும்.

இப்படி ஒரு பக்கம் மட்டும் நீண்ட வால் உள்ள எண்களுக்கு, மடக்கை (லாக்) எடுத்துப் பாருங்கள். மடக்கை எடுத்த பிறகு மணி வளைவு வந்தால் அது லாக்நார்மல் பரவல். பல காரணங்கள் கூடி உண்டாவதற்குப் பதிலாக ஒன்றையொன்று பெருக்கி உண்டாகும் இடத்தில் இது வரும்: கூட்டம் எவ்வளவு பெரியது, வலையில் எவ்வளவு பங்கு விழுந்தது, ஏலத்தில் என்ன விலை போனது, எல்லாம் பெருக்கல்தானே. வெறுங்கையோடு வந்த நாளுக்கு, அதாவது பூஜ்யத்துக்கு, மடக்கை கிடையாது. எனவே அந்த நாட்களைத் தனியாக எண்ணிக்கொள்ளுங்கள், மீன் கிடைத்த நாட்களுக்கு மட்டும் இந்தப் பரவலைப் போடுங்கள்.

மழைக்கும் எச்சரிக்கை தேவை. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு பருவமழையும் உண்டு. மாதமழையை வரிசையாக வரைந்தால் இரண்டு மேடு தெரியும். அதன்மேல் ஒரே மணியைக் கவிழ்த்தால், இரண்டு மேட்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்து மாதத்தில்தான் மழை அதிகம் என்று கணக்குச் சொல்லும்.

வருஷத்தின் மிகப் பெரிய மழை

வழக்கமான மழை பற்றிக் கேட்பது ஒரு கேள்வி, வருஷத்தில் ஒரே நாளில் பெய்கிற மிகப் பெரிய மழை எவ்வளவு என்பது வேறு கேள்வி. பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளின் மதகும், வீட்டு முன்னால் போகும் ஓடையின் பாலமும் இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வருஷத்தின் உச்சத்தை மட்டும் எடுத்து அடுக்கினால் வருவது உச்சங்களின் பரவல், அதில் கும்பெல் பரவல் நீரியலில் நெடுங்காலமாகப் புழங்குகிறது.

அங்கிருந்து வருவதுதான் நூறு வருஷ வெள்ளம் என்ற பேச்சு. நூறு வருஷத்துக்கு ஒரு முறைதானே, போன வருஷம் வந்துவிட்டது, இனி நம் பேரப்பிள்ளைகள் காலத்தில்தான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அதன் பொருள் அதுவல்ல. எந்த வருஷமானாலும் நூற்றில் ஒரு வாய்ப்பு, போன வருஷம் வந்தது இந்த வருஷத்துக்குத் தெரியாது. ஒரு வீடு கட்டி முப்பது வருஷம் குடியிருப்போம் என்றால், அந்த முப்பது வருஷத்தில் ஒரு முறையாவது அது வர வாய்ப்பு, 0.99-ஐ முப்பது முறை பெருக்கி ஒன்றிலிருந்து கழித்தால், நூற்றில் 26. நாலில் ஒன்று! ஆற்றங்கரையில் நிலம் விலை பேசும் முன்னால் இந்தக் கணக்கை ஒரு தரம் போட்டுவிடுங்கள். தரைமட்டத்தை இரண்டடி உயர்த்த ஆகிற செலவை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்து பார்க்க

உங்கள் கையில் இருக்கிற ஏதாவது ஒரு நோட்டை எடுங்கள், கடை விற்பனையோ, ரப்பர் ஷீட் எடையோ, குலை எடையோ. குறைந்தது முப்பது எண் வேண்டும், ஐம்பது இருந்தால் நல்லது. கம்ப்யூட்டரைத் திறக்கும் முன்னால் ஒரு தாளில் கோடு போட்டு, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு புள்ளி வையுங்கள், ஒரே எண் திரும்ப வந்தால் புள்ளிமேல் புள்ளி. ஒரு மேடா இரண்டா, வால் எந்தப் பக்கம், பூஜ்யத்தில் குவிகிறதா என்று கண்ணுக்கே தெரிந்துவிடும். சராசரியும் இடைநிலையும் வெகுவாக விலகி நின்றால் மணி வளைவை மறந்துவிடுங்கள். இரண்டு மேடு தெரிந்தால், இரண்டு வேறு கதை ஒரே நோட்டில் கலந்திருக்கிறது, பிரியுங்கள்.

அப்புறம் எக்செலிலோ கூகுள் ஷீட்டிலோ பைனாம்.டிஸ்ட் (BINOM.DIST), பாய்சான்.டிஸ்ட் (POISSON.DIST), நார்ம்.டிஸ்ட் (NORM.DIST), வெய்புல்.டிஸ்ட் (WEIBULL.DIST) என்று எல்லாமே தயாராக இருக்கின்றன. எல்லாவற்றிலும் கடைசியாக ட்ரூ (TRUE) அல்லது ஃபால்ஸ் (FALSE) கேட்கும். பைனாமிலும் பாய்சானிலும் ஃபால்ஸ் போட்டால் சரியாக அந்த எண் வரும் வாய்ப்பு, ட்ரூ போட்டால் அந்த எண்ணும் அதற்குக் கீழே உள்ள அத்தனையும் சேர்ந்த வாய்ப்பு. பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். மாமாவுக்கு நூறோ அதற்கு மேலோ வேண்டும், அதனால் கழிக்க வேண்டியது 99 வரைக்குமான வாய்ப்பை. ஒன்றிலிருந்து பைனாம்.டிஸ்ட் கழிக்கவும், அடைப்புக்குள் 99, 135, 0.8, ட்ரூ. 99-க்குப் பதிலாக 100 போட்டால் சரியாக நூறு முளைத்த நாளும் தோல்விக் கணக்கில் போய்விடும். நார்ம், வெய்புல் இரண்டும் அளக்கிற எண்ணுக்கானவை, ஃபால்ஸ் போட்டால் வருவது வளைவின் உயரம் மட்டும், வாய்ப்பு ஆகாது, எனவே அங்கே எப்போதும் ட்ரூ.